ரத்தப் புற்றுநோயின் மரபணு அறிக்கையைப் படிப்பது எப்படி

ரத்தப் புற்றுநோய் என்று உறுதியான ஒருவரின் கோப்பில் நாளடைவில் மூன்று வகைத் தாள்கள் சேர்ந்துவிடும். ரத்த அணுக்களின் எண்ணிக்கையைச் சொல்லும் சாதாரணப் பரிசோதனைத் தாள் முதல் வகை. இடுப்பெலும்பில் ஊசி செலுத்தி எடுத்த எலும்பு மஜ்ஜையை நுண்ணோக்கியில் பார்த்து எழுதிய குறிப்பு இரண்டாவது. எழுத்தும் எண்ணும் அடைப்புக்குறியுமாக, வீட்டில் யாருக்கும் விளங்காமல் கோப்பின் அடியில் போய்ச் சேரும் மரபணு அறிக்கை மூன்றாவது. எந்த மருந்து, எவ்வளவு காலம், அது வேலை செய்கிறதா இல்லையா என்பதையெல்லாம் இன்று பெரும்பாலும் தீர்மானிப்பது இந்த மூன்றாவது தாள்தான். சென்னையில் ஸ்டான்லி மருத்துவமனையிலோ, சென்ட்ரலுக்கு எதிரே உள்ள பொது மருத்துவமனையான ஜி.எச்.சிலோ, புறநோயாளி வரிசை நகர்ந்து நம் முறை வரும்போது, அதை வரிவரியாக விளக்க மருத்துவருக்கு நேரம் இருக்காது. முன்கூட்டியே அந்தத் தாளை ஓரளவு படிக்கத் தெரிந்திருந்தால், கிடைக்கிற சில நிமிடங்களைச் சரியான கேள்விக்குச் செலவிடலாம்.

நான் மருத்துவர் அல்லன். பரிசோதனைக் கூடத்தில் இத்தகைய மாதிரிகளைக் கையாளும் வேலையில் இருப்பவன். அதனால் பழைய வண்ணாரப்பேட்டையிலும் தண்டையார்பேட்டையிலும் தெரிந்தவர்கள் இந்தத் தாளைத்தான் என்னிடம் நீட்டுகிறார்கள். அவர்களுக்குச் சொல்வதையே இங்கே எழுதுகிறேன். மருந்தை மாற்றவோ நிறுத்தவோ இது வழிகாட்டாது. தாளைப் படிக்க மட்டுமே உதவும். அதிலும் ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தாளில் உள்ள எந்த எண்ணும் தனியாக நின்று பொருள் தருவதில்லை. அந்த எண்ணுக்குப் பின்னால் எந்தப் புரதம் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று தெரிய வேண்டும். அதற்கு முந்தைய எண்கள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

செல் பெருகுவதற்கான காரணம்

எலும்பு மஜ்ஜையில் உள்ள ஸ்டெம் செல்கள் பிரிந்து, படிப்படியாக முதிர்ந்து, சிவப்பணுக்களாகவும் வெள்ளையணுக்களாகவும் தட்டணுக்களாகவும் ரத்தத்துக்கு வருகின்றன. எப்போது பிரிய வேண்டும் என்பதை அந்தச் செல் தானாக முடிவு செய்வதில்லை. உடலுக்கு அணுக்கள் தேவைப்படும்போது வெளியிலிருந்து ஒரு வளர்ச்சிச் சமிக்ஞை வருகிறது. செல்லின் மேற்பரப்பில் உள்ள ஏற்பிப் புரதம் அதை வாங்குகிறது. உள்ளே இருக்கும் கைனேஸ் என்ற வகைப் புரதங்கள் ஒன்றின் மேல் ஒன்று பாஸ்பேட் என்ற சிறு வேதித் துண்டை ஒட்டி அந்தச் செய்தியைக் கடத்துகின்றன. கடைசியில் உட்கருவில் குறிப்பிட்ட சில மரபணுக்கள் இயங்கத் தொடங்கி, செல் பிரிகிறது. தேவை தீர்ந்ததும் பாஸ்பேட் கழற்றப்பட்டு, எல்லாம் அடங்கிவிடுகின்றன.

லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோயில் இந்த ஒழுங்கு இரண்டு விதமாகக் கெடலாம். சமிக்ஞையே வராதபோதும் கைனேஸ் இயங்கிக்கொண்டே இருப்பது ஒன்று. முதிர வேண்டிய செல் பாதியிலேயே நின்றுவிடுவது மற்றொன்று. சிஎம்எல் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் நாள்பட்ட மைலாய்டு லுகேமியாவில் பெரும்பாலும் முதலாவது மட்டும் நடக்கிறது. செல்கள் ஓரளவு முதிரவும் செய்கின்றன. அதனால்தான் அது ஆரம்பத்தில் மெதுவாகப் போகிறது. ஏஎம்எல் எனப்படும் தீவிர மைலாய்டு லுகேமியா போன்ற தீவிர வகைகளில் இரண்டும் சேர்ந்துகொள்கின்றன. முதிராத செல்கள் மஜ்ஜையை அடைத்துக்கொள்வதால் வாரக்கணக்கில் நிலைமை மாறிவிடுகிறது.

சிஎம்எல்லை வைத்தே முதலில் விளக்குகிறேன். ஒரு மரபணு, அது செய்யும் ஒரு புரதம், அதை அடக்கும் ஒரு மாத்திரை, அளக்கும் ஓர் எண் என்று எல்லாம் அதில் தெளிவாக இருப்பதால், மற்ற அறிக்கைகளைப் படிப்பதற்கும் அதுவே நல்ல பயிற்சி.

குரோமோசோம் வரி

அறிக்கையில் முதலில் தேட வேண்டிய வரி இப்படி இருக்கும்: 46,எக்ஸ்ஒய்,டி(9;22)(கியூ34;கியூ11.2)[20]. தாளில் இது ஆங்கில எழுத்துகளில் அச்சாகியிருக்கும். 46 என்பது ஒரு செல்லில் எண்ணப்பட்ட குரோமோசோம்களின் மொத்தம். அது இயல்பான எண்ணிக்கை. எக்ஸ்ஒய் என்றால் ஆண், எக்ஸ்எக்ஸ் என்றால் பெண். டி என்பது இரண்டு குரோமோசோம்கள் உடைந்து துண்டுகளை மாற்றிக்கொண்டதைக் குறிக்கிறது. எவை என்பது அடுத்த அடைப்புக்குறியில் உள்ளது, அதாவது 9-ஆவதும் 22-ஆவதும். கியூ என்பது குரோமோசோமின் நீண்ட கை, 34, 11.2 ஆகியவை உடைந்த இடத்தின் முகவரி. சதுர அடைப்புக்குறிக்குள் இருக்கும் 20 என்பது எத்தனை செல்களில் இதைப் பார்த்தார்கள் என்ற கணக்கு. சிகிச்சைக்குப் பிறகு இதே வரி [4]/46,எக்ஸ்ஒய்[16] என்று முடிந்தால், நான்கு செல்களில் மட்டும் மாற்றம் எஞ்சியிருக்கிறது, பதினாறு செல்கள் இயல்பாக உள்ளன என்று பொருள்.

துண்டு இழந்து குட்டையாகிப்போன இந்த 22-ஆவது குரோமோசோமை அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்டு ஆகிய இருவரும் 1960-இல் கண்டறிந்தார்கள். அதனால் இன்றும் அறிக்கையில் பிலடெல்பியா பாசிட்டிவ் என்ற சொல் வருகிறது. துண்டு காணாமல் போகவில்லை, 9-ஆவது குரோமோசோமுடன் கைமாறியிருக்கிறது என்பதை 1973-இல் சிகாகோவின் ஜேனட் ரௌலி காட்டினார்.

குடும்பத்தினர் கேட்கும் முதல் கேள்வி, பிள்ளைகளுக்கும் இது வருமா என்பதுதான். சிஎம்எல்லைப் பொறுத்தவரை, வராது. இந்த உடைசல் கருவிலேயே வந்ததன்று. வாழ்நாளில் எப்போதோ, மஜ்ஜையில் இருந்த ஒரே ஒரு ஸ்டெம் செல்லில் நிகழ்ந்து, அதன் வழித்தோன்றல்களில் மட்டும் பரவியது. விந்தணுவிலோ கருமுட்டையிலோ அது இல்லை. பெண் பார்க்கும் வீட்டார் வரை இந்தச் சந்தேகம் போய் நின்ற கதைகள் உண்டு என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஒட்டிப்போன புரதம்

9-ஆவது குரோமோசோமில் ஏபிஎல்1 என்ற மரபணுவும், 22-ஆவதில் பிசிஆர் என்ற மரபணுவும் இருக்கின்றன. உடைந்து ஒட்டியபோது இவ்விரண்டும் சேர்ந்து, உடலில் அதுவரை இல்லாத பிசிஆர்-ஏபிஎல்1 என்ற கலப்பு மரபணு உண்டாகிறது. அறிக்கையில் பி210 என்று இருந்தால், அந்த மரபணு செய்யும் புரதத்தின் எடை 210 கிலோடால்டன் என்று பொருள். சிஎம்எல்லில் பெரும்பாலோருக்கு இதுதான். பி190 என்ற சிறிய வடிவம் பிலடெல்பியா பாசிட்டிவாக உள்ள ஏஎல்எல்லில், அதாவது தீவிர லிம்பாய்டு லுகேமியாவில், அதிகம் காணப்படுகிறது. எந்த வடிவம் என்று முதல் அறிக்கையிலேயே குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் அளக்கும்போது அதே வடிவத்தைத்தான் தேட வேண்டும்.

இயல்பான ஏபிஎல் ஒரு டைரோசின் கைனேஸ். ஏடிபி என்ற மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து, வேறொரு புரதத்தின் டைரோசின் என்ற அமினோ அமிலத்தில் ஒட்டுவது அதன் வேலை. வேலை இல்லாத நேரத்தில் அந்தப் புரதத்தின் முன்பகுதி பின்னால் மடங்கி வந்து, தன்னையே மூடி வைத்துக்கொள்கிறது. கலப்புப் புரதத்தில் இந்த முன்பகுதி போய், அந்த இடத்தில் பிசிஆர் துண்டு வந்துவிடுகிறது. அந்தத் துண்டில் உள்ள சுருள் போன்ற பகுதி, இத்தகைய புரதங்களை ஒன்றோடொன்று பிணைக்கிறது. பிணைந்தவை ஒன்றுக்கொன்று பாஸ்பேட்டை ஒட்டி, நிரந்தரமாக இயங்கும் நிலைக்குப் போய்விடுகின்றன. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் காத்து நின்றவர்களுக்கு மூடிய கேட்டின் மேல் கோபம் வரும்; ஆனால் திறந்த கேட் இறங்கவே இல்லையென்றால் என்ன ஆகும் என்பதைத்தான் இந்தப் புரதம் செல்லுக்குள் செய்து காட்டுகிறது.

அதன் பிறகு நடப்பவை ஒரே பாதையில் நடப்பதில்லை. பிசிஆர் துண்டின் 177-ஆவது இடத்தில் உள்ள டைரோசினில் பாஸ்பேட் ஏறியதும், ஒரு இணைப்புப் புரதம் அங்கே வந்து அமர்ந்து, ராஸ் என்ற புரதத்தைத் தட்டி எழுப்புகிறது. அது செல்லைப் பிரியச் சொல்கிறது. இன்னொரு பக்கம் ஸ்டாட்5 என்ற புரதம் பாஸ்பேட் பெற்று உட்கருவுக்குள் நுழைந்து, செல் சாவதைத் தடுக்கும் புரதங்களின் மரபணுக்களை இயக்கிவிடுகிறது. மஜ்ஜையின் சுவரோடு ஒட்டிக்கொள்ளும் தன்மையும் குறைவதால், இன்னும் முதிராத அணுக்கள் முன்கூட்டியே ரத்தத்துக்கு இறங்கிவிடுகின்றன. ஒரு மைக்ரோலிட்டரில் 4,000 முதல் 11,000 வரை இருக்க வேண்டிய வெள்ளையணுக்கள் ஒரு லட்சத்தைத் தாண்டுவதும், மண்ணீரல் வீங்கி இடது விலாவுக்குக் கீழே பாரமாக இருப்பதும், கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிரம்பிவிடுவதும் இதனால்தான்.

சிஎம்எல்லுக்குக் கொடுக்கும் இமாட்டினிப் மாத்திரை, ஏடிபி வந்து அமர வேண்டிய குழியில் போய் அமர்ந்துகொண்டு, கைனேஸை மூடிய நிலையிலேயே பிடித்து வைக்கிறது. பாஸ்பேட் ஏறாததால் ராஸ், ஸ்டாட்5 ஆகிய இரண்டு வழிகளும் அடங்குகின்றன. அவற்றை நம்பியே உயிர் வாழ்ந்த செல்கள் மடிகின்றன. மாத்திரை மரபணுவைத் தொடுவதே இல்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். கலப்பு மரபணு எஞ்சியிருக்கும் செல்லில் அப்படியேதான் இருக்கிறது. புதுப்புதுப் புரதத்தைச் செய்துகொண்டேதான் இருக்கிறது. உடம்பு தேறிவிட்டது, வெள்ளையணு எண்ணிக்கை இயல்புக்கு வந்துவிட்டது என்று மாத்திரையைத் தாமாக விட்டவர்களுக்கு நோய் திரும்புவதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டியதில்லை.

அமெரிக்காவில் இந்த மருந்துக்கு 2001 மே மாதம் அனுமதி கிடைத்தது. இந்தியாவில் அதன் பீட்டா படிக வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் நிறுவனம் கோரிய காப்புரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006-இல் மறுத்தது. பழைய மருந்தின் புதிய வடிவத்துக்கு எளிதில் காப்புரிமை தராத, காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவே செல்லாது என்று அந்நிறுவனம் தொடுத்த வழக்கைப் பாரிமுனையில் உள்ள நமது உயர் நீதிமன்றம் 2007 ஆகஸ்டு 6-இல் தள்ளுபடி செய்தது. உச்ச நீதிமன்றமும் 2013 ஏப்ரல் 1-இல் காப்புரிமை இல்லை என்று தீர்ப்பளித்தது. அன்று மாதத்துக்கு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டிய மருந்துக்கு ஈடான இந்தியத் தயாரிப்புகள் அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த விலையில் கிடைத்தன. மருந்துக் கடையில் கிடைக்கும் பெயர் வேறாக இருக்கிறதே என்று தயங்குபவர்கள், அட்டையில் இமாட்டினிப் மெசிலேட் என்று இருக்கிறதா, அளவு மருத்துவர் எழுதியதுதானா என்று பார்த்தால் போதும்.

சதவீதத்தைப் படிப்பது

மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் தாளில் பிசிஆர்-ஏபிஎல்1 என்பதற்கு எதிரே ஒரு சதவீதம் இருக்கும். கொரோனாக் காலத்தில் எல்லோருக்கும் பழக்கமான ஆர்டி-பிசிஆர் முறையில்தான் இதையும் அளக்கிறார்கள். சோதனையின் பெயரில் வரும் பிசிஆர் வேறு, மரபணுவின் பெயரில் வரும் பிசிஆர் வேறு. கலப்பு மரபணுவிலிருந்து படியெடுக்கப்பட்ட செய்தி ஆர்.என்.ஏ.வின் எண்ணிக்கையை, மாதிரி எவ்வளவு நன்றாக இருந்தது என்று காட்டும் ஏபிஎல் என்ற ஒப்பீட்டு மரபணுவின் எண்ணிக்கையால் வகுத்து, அந்த ஆய்வகத்துக்கென்று நிர்ணயித்த திருத்தக் காரணியால் பெருக்குகிறார்கள். உதாரணத்துக்கு, கலப்பு மரபணுவின் படிகள் 6, ஏபிஎல் படிகள் 20,000, திருத்தக் காரணி 0.8 என்று வைத்துக்கொள்வோம். 6-ஐ 20,000-ஆல் வகுத்தால் 0.03 சதவீதம், அதை 0.8-ஆல் பெருக்கினால் 0.024 சதவீதம். தாளில் அச்சாவது இந்தக் கடைசி எண். அதன் பக்கத்தில் ஐ.எஸ். என்ற இரண்டு எழுத்துகள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். சர்வதேச அளவுகோலுக்கு மாற்றப்பட்ட எண் என்பதற்கு அதுதான் அடையாளம். அது இல்லாத சதவீதத்தை இன்னொரு ஆய்வகத்தின் சதவீதத்தோடு ஒப்பிடவே கூடாது.

இந்த அளவுகோலில் ஒவ்வொரு படிநிலையும் முந்தையதில் பத்தில் ஒரு பங்கு. மாத்திரை தொடங்கி மூன்றாவது மாதத்தில் 10 அல்லது அதற்குக் குறைவு, ஆறாவது மாதத்தில் 1 அல்லது அதற்குக் குறைவு, பன்னிரண்டாவது மாதத்தில் 0.1 அல்லது அதற்குக் குறைவு என்பது மருத்துவர்கள் எதிர்பார்க்கும் இறக்கம். 0.1-க்குக் கீழே இறங்கி அங்கேயே நிலைத்தவர்களுக்கு நோய் முற்றிய கட்டத்துக்குப் போவது மிக அரிது. மூன்றாவது மாதத்தில் 11 வந்துவிட்டால் உடனே எல்லாம் முடிந்தது என்று ஆகிவிடாது. ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் மறுபடி அளந்து, இறங்குகிற போக்கு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒரு வருடம் ஆகியும் 1-க்கு மேலேயே இருந்தால் மருந்தை மாற்றுவதைப் பற்றிய பேச்சு வரும்.

காசிமேட்டில் மீன் ஏலக்கூடத்தில் வேலை பார்க்கும் ஒருவர் தாளை நீட்டிக் கேட்டார்: "இன்னாண்ணே, போன தபா 0.04 இருந்துது, இந்தத் தபா 0.07 வந்துக்குது. மாத்திர வேல செய்லியா?" நியாயமான கவலைதான், ஏறக்குறைய இரண்டு மடங்கு ஏறியிருப்பது போலத் தெரிகிறது. ஆனால் இவ்வளவு கீழே வந்த பிறகு, ஒரே ரத்தத்தை இரண்டு முறை அளந்தாலும் இந்த அளவு வேறுபாடு வரக்கூடும். இரண்டுமே 0.1-க்குக் கீழே இருப்பதால் அவர் இருக்கும் படிநிலை மாறவில்லை. 0.1-ஐத் தாண்டி ஏறினாலோ, அடுத்தடுத்த இரண்டு மூன்று அறிக்கைகளில் ஒரே திசையில் ஏறிக்கொண்டே போனாலோதான் சீக்கிரம் மறுபரிசோதனை கேட்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான ஏமாற்றமும் உண்டு. கண்டறியப்படவில்லை என்று வந்த தாளை வீடே கொண்டாடும். ஆனால் அதே தாளில் ஏபிஎல் படிகள் 10,000-க்குக் குறைவாக இருந்தால், மாதிரி சரியில்லாததால் தெரியாமல் போயிருக்கலாம். அந்த எண் எவ்வளவு பெரிதாக இருக்கிறதோ அந்த அளவுக்குத்தான் இல்லை என்ற சொல்லை நம்பலாம்.

பல ஆண்டுகள் 0.01-க்கும் கீழே நிலைத்திருப்பவர்களுக்கு, மருத்துவரின் கண்காணிப்பில் மாத்திரையை நிறுத்திப் பார்க்கும் வழக்கம் இப்போது உண்டு. நிறுத்தியவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு எண் மறுபடி ஏறுகிறது. ஏறுபவர்களில் பெரும்பாலோருக்கு அது முதல் ஆறு மாதத்துக்குள்ளேயே தெரிந்துவிடுகிறது. அதனால்தான் அந்தக் காலத்தில் மாதா மாதம் அளக்கிறார்கள். மாதா மாதம் அளக்க வசதியில்லாத இடத்தில் இதற்கு ஆசைப்படக் கூடாது என்பது என் கருத்து.

எண் ஏறினால்

முதலில் சந்தேகிக்க வேண்டியது மரபணுவை அன்று, மாத்திரை அட்டையை. மாதத்தில் மூன்று நாளுக்கு மேல் மாத்திரை தவறினாலே எண் 0.1-க்குக் கீழே இறங்குவது கடினமாகிவிடுகிறது. வாந்தி வருகிறது, கண்ணைச் சுற்றி வீங்குகிறது, கால் பிடித்து இழுக்கிறது என்று ஒருநாள் விட்டு ஒருநாள் போடுபவர்கள் நிறைய. இமாட்டினிபைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு விழுங்கினால் குமட்டல் குறையும். அதே வகையில் பின்னால் வந்த மாத்திரையான நிலோட்டினிப் அப்படியன்று; அதை வெறும் வயிற்றில்தான் போட வேண்டும். ரம்ஜான் நோன்பு வைப்பவர்களும் ஆடி மாதம் விரதம் இருப்பவர்களும், எந்த நேரத்தில் போடலாம் என்று நோன்பு தொடங்குவதற்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அடுத்தது வேறு மருந்துகள். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசினும், வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டோயின், கார்பமாசெபின் ஆகியவையும் கல்லீரலில் இமாட்டினிபைச் சிதைக்கும் நொதியைத் தூண்டிவிடுவதால், ரத்தத்தில் மருந்தின் அளவு பாதிக்கும் கீழே போய்விடக்கூடும். காசநோய் அதிகம் உள்ள நம் பகுதியில் இது ஏட்டுச் செய்தி அன்று. இரண்டு சிகிச்சையும் வெவ்வேறு இடத்தில் நடக்கும்போது, ஒரு மருத்துவருக்கு மற்றவர் எழுதியது தெரியாமல் போகிறது. நாட்டு மருந்து எடுப்பதையும் திட்டுவார்களோ என்று மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் எண் ஏறினால், கைனேஸ் பகுதிக்கான மரபணு எழுத்துகளை வரிசையாகப் படித்து மாற்றம் இருக்கிறதா என்று தேடும் மியூட்டேஷன் பரிசோதனை எழுதிக் கொடுப்பார்கள். அதில் டி315ஐ என்று ஒன்று வரலாம். புரதத்தின் 315-ஆவது இடத்தில் திரியோனின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டும். அங்கே ஐசோலூசின் வந்துவிட்டது என்பதே இந்தக் குறிப்பு. முதல் எழுத்து பழையது, எண் இடம், கடைசி எழுத்து புதியது. இந்த 315-ஆவது இடம், மருந்து அமரும் குழியின் வாசலில் உள்ளது. திரியோனினில் இருந்த ஒரு பிடிமானம் போய், பருத்த ஐசோலூசின் வழியை அடைத்துக்கொள்வதால், இமாட்டினிப் மட்டுமல்லாமல் டாசாட்டினிப், நிலோட்டினிப், போசுட்டினிப் ஆகியவையும் உள்ளே அமர முடிவதில்லை. ஏடிபிக்கு மட்டும் தடையில்லை. இந்தத் தடையைச் சமாளிக்கும்படி வடிவமைக்கப்பட்டது பொனாட்டினிப். அசிமினிப் என்ற பிந்தைய மருந்து அந்தக் குழிப் பக்கமே போகாமல், புரதம் தன்னைத்தானே மூடிக்கொள்ளப் பயன்படுத்திய வேறொரு பள்ளத்தில் அமர்ந்து அதை அடக்குகிறது. எல்லா மியூட்டேஷனும் டி315ஐ போல மோசமானதன்று. சிலவற்றுக்கு டாசாட்டினிப் நன்றாக வேலை செய்யும், சிலவற்றுக்கு நிலோட்டினிப். எனவே மியூட்டேஷன் வந்திருக்கிறது என்ற ஒரு சொல்லோடு நிற்காமல், எந்த எண், அதற்கு எந்த மருந்து பொருந்தும் என்று கேட்க வேண்டும்.

தீவிர வகைகளின் அறிக்கை

ஏஎம்எல் அறிக்கையில் ஒரே மரபணு இருக்காது. ஒரு பட்டியல் இருக்கும். எஃப்எல்டி3 என்பது செல்லின் மேற்பரப்பில் உள்ள ஏற்பி. அதன் ஒரு பகுதி இரட்டிப்பாகி ஐடிடி என்று குறிக்கப்பட்டால், சமிக்ஞை வராமலேயே அது இயங்கும். இதற்கெனத் தனி மாத்திரைகள் இருப்பதால் இந்த வரியைத் தவறவிடக் கூடாது. என்பிஎம்1 மரபணுவில் நான்கு எழுத்துகள் கூடுதலாக நுழைந்தால், உட்கருவுக்குள் இருக்க வேண்டிய புரதம் வெளியே இடம் மாறிவிடுகிறது. ஐடிஎச்1, ஐடிஎச்2 மாறினால், இயல்பில் மிகச் சிறிய அளவே இருக்க வேண்டிய ஒரு பொருள் செல்லுக்குள் குவிந்து, முதிர்ச்சிக்கு வேண்டிய மரபணுக்களைத் திறக்க விடாமல் செய்கிறது. டிபி53 மாறியிருந்தால் வழக்கமான கீமோதெரபிக்கு நோய் எளிதில் பணிவதில்லை. மருத்துவரிடம் நீண்ட நேரம் பேச வேண்டிய வரி அது.

பட்டியலில் ஒவ்வொரு மரபணுவுக்கும் எதிரே விஏஎஃப் என்று ஒரு சதவீதம் இருக்கும். அந்த மரபணுவின் பிரதிகளில் எத்தனை சதவீதம் மாறியிருக்கிறது என்ற கணக்கு அது. ஒவ்வொரு செல்லிலும் ஒரு மரபணுவுக்கு இரண்டு பிரதிகள் உண்டு. பெரும்பாலும் ஒன்றுதான் மாறியிருக்கும். எனவே விஏஎஃப் 45 என்றால் ஏறத்தாழ 90 சதவீதச் செல்களில் அந்த மாற்றம் இருக்கிறது. பாதிச் செல்கள் நன்றாக இருக்கின்றன என்று இதைத் தவறாகப் படிப்பவர்கள் உண்டு. விஏஎஃப் 50-ஐ நெருங்கி, சிகிச்சைக்குப் பிறகும் இறங்காமல் இருந்தால், அது பிறவியிலேயே வந்த மாற்றமாகவும் இருக்கலாம். அப்போது மட்டும் குடும்பத்தினரையும் சோதிக்க வேண்டுமா என்று கேட்பதில் பொருள் உண்டு.

இந்த வகையில் தனியாகச் சொல்ல வேண்டியது ஏபிஎல் என்றே சுருக்கமாக அழைக்கப்படும் புரோமைலோசைட்டிக் லுகேமியா. முன்பு பார்த்த ஏபிஎல் மரபணுவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. 15-ஆவது, 17-ஆவது குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்டு பிஎம்எல்-ராரா என்ற கலப்புப் புரதம் உண்டாகிறது. வைட்டமின் ஏ வழியில் வரும் ஒரு பொருள் வந்து தொட்டதும் முதிர்ச்சிக்கான மரபணுக்களைத் திறந்துவிட வேண்டிய ராரா, இப்போது அவற்றை இறுக்கி மூடி வைக்கிறது. செல்கள் புரோமைலோசைட் என்ற நிலையில் நின்றுபோகின்றன. அந்தச் செல்களில் உள்ள பொருள்கள் ரத்தம் உறையும் ஒழுங்கைக் கெடுப்பதால், மூளையிலும் நுரையீரலிலும் ரத்தக்கசிவு ஏற்பட்டு முதல் சில நாட்களிலேயே உயிர் போகும் அபாயம் உண்டு. ஆனால் அந்த நாட்களைக் கடந்துவிட்டால், ரத்தப் புற்றுநோய்களில் மிக நன்றாகக் குணமாகும் வகைகளில் இதுவும் ஒன்று. ஆட்ரா என்ற வைட்டமின் ஏ வழி மருந்து, அதே பூட்டைத் திறந்து, புற்றுநோய்ச் செல்லை முதிரச் செய்கிறது. ஆர்சனிக் டிரையாக்சைடு, கலப்புப் புரதத்தின் பிஎம்எல் பகுதியைப் பற்றி அழிக்கிறது. இரண்டும் சீனத்து மருத்துவர்களின் கையிலிருந்து உலகத்துக்கு வந்தவை. ஆர்சனிக்கை மட்டுமே முதன்மை மருந்தாக வைத்துப் புதிய நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்து, அதன் பலனை வெளியிட்ட மருத்துவமனைகளில் நம் வேலூர் சிஎம்சி முக்கியமானது. ஈறில் ரத்தம், காரணமில்லாத நீலத் தழும்புகள், கூடவே காய்ச்சல் என்று ஒருவர் இருக்கும்போது, மரபணு அறிக்கை வரட்டும் என்று வீட்டில் காத்திருக்கக் கூடாது. சந்தேகம் வந்ததுமே ஆட்ராவைத் தொடங்கிவிடுவது மருத்துவர்களின் வழக்கம்.

குழந்தைகளுக்கு வரும் ஏஎல்எல்லில் 12-ஆவது, 21-ஆவது குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்டிருந்தால் அது நல்ல செய்தி. 9, 22 என்றால் கீமோதெரபியோடு மேலே சொன்ன கைனேஸ் மாத்திரையும் சேரும்.

ரத்தம் கொடுக்கும்போது

பிசிஆர்-ஏபிஎல் சதவீதத்துக்கு வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை. ஊதா மூடி போட்ட இடிடிஏ குழாயில் எடுப்பார்கள். டி.என்.ஏ.வைப் போலன்றி ஆர்.என்.ஏ. சீக்கிரம் சிதைந்துவிடும், சென்னை வெயிலில் இன்னும் சீக்கிரம். திருவொற்றியூரிலோ பெரம்பூரிலோ உள்ள சேகரிப்பு மையத்தில் கொடுக்கும் ரத்தம் பெரும்பாலும் அங்கேயே சோதிக்கப்படுவதில்லை. வேறு பகுதிக்கோ வேறு ஊருக்கோ போகிறது. ஆகவே சனிக்கிழமை மாலையில் கொடுப்பதைவிடத் திங்கள், செவ்வாய் காலையில் கொடுப்பது நல்லது. மாதிரி எங்கே போகிறது, எத்தனை மணி நேரத்தில் போய்ச் சேரும் என்று கேட்பதில் தவறில்லை. ஏஎம்எல், ஏஎல்எல் என்று சந்தேகிக்கப்பட்டால், மரபணுச் சோதனைக்கான மாதிரியை முதல் கீமோ மருந்து ஏறுவதற்கு முன்பே எடுத்துவிட்டார்களா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். செல்கள் அழிந்த பிறகு எடுத்தால் தேடுவதற்கு ஒன்றும் இருக்காது.

முடிந்தவரை ஒரே ஆய்வகத்தில் தொடர வேண்டும். பணத்தாலோ, காப்பீட்டு அட்டையில் வேறு இடம் வந்ததாலோ மாற்றியே ஆக வேண்டுமானால், மாற்றிய பின் வரும் முதல் எண்ணைப் பழையதோடு ஒப்பிடாமல், புதிய வரிசையின் தொடக்கமாக வைத்துக்கொள்ள மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கோப்பின் முதல் பக்கத்தில் ஒரு தனித்தாளை வைத்து, அதில் தேதி, ஆய்வகத்தின் பெயர், ஐ.எஸ். சதவீதம், ஏபிஎல் படிகள், அந்த மூன்று மாதத்தில் தவறிய மாத்திரைகளின் எண்ணிக்கை ஆகிய ஐந்தையும் ஒரே வரியில் எழுதிவர வேண்டும். தவறியதைக் குறைத்து எழுதினால், மாத்திரை மாற்றத் தேவையில்லாதவருக்கு மாத்திரை மாறிவிடக்கூடும்.